ஞாயிற்றுக்கிழமை கத்தாத தவளை

மருமகள் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுப் படுத்தாள் என்று போன வாரம் சொல்லி நிறுத்தினோம். படுத்தது உண்மைதான். தூங்கினாள் என்று நாம் சொல்லவே இல்லை.

காலையில் அவள் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. இந்த வீட்டின் தலைவி ஒரு விலங்கியல் பேராசிரியை. மற்றவர்கள் வீடு வாசல் என்று பேசினால் இவர் தவளை, தேரை என்று பேசுவார். மாணவியாக இருந்த காலத்தில், நகரத்தின் ஓரத்திலிருக்கும் பழைய கல்குவாரிக் குட்டையில், கட்டைவிரல் அளவே இருந்த ஒரு பழுப்புத் தவளையின் குரலைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகு அந்தத் தவளையை யாரும் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. அழிந்துபோன உயிரினங்களோடு அதையும் சேர்த்துவிட்டார்கள்.

அவருடைய ஒரே மகன் கணினி ஆராய்ச்சியாளன். தவளைக்காரி பெற்ற பிள்ளை என்பதால் சின்ன வயதிலேயே 'கொசு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முப்பதைத் தாண்டிய பிறகும் அது அவனை விட்டபாடில்லை. இந்தக் கொசு, குட்டையைச் சுற்றி ஒலிப்பதிவுப் பெட்டிகளை வைத்தான். அம்மா அன்று பதிவு செய்த குரலை ஒரு மென்பொருளுக்குக் கற்றுக்கொடுத்து, பெட்டிகள் சேர்த்த மாதக்கணக்கான ஓசையைக் கேட்க வைத்தான். தவளை இருக்கிறது என்று மென்பொருள் சொல்லிவிட்டது.

பேராசிரியை கட்டுரை எழுதினார். ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. இன்று மாலை இதழ் அச்சுக்குப் போகிறது, நாளை காலை பல்கலைக்கழகத்தில் நிருபர்கள் கூட்டம். ஓய்வு பெறச் சில மாதங்களே இருக்கும் பேராசிரியைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கப்பலில் பொறியாளராக இருக்கும் கணவர்கூட நடுக்கடலிலிருந்து வாழ்த்து அனுப்பிவிட்டார்.

"நாளைக்குத் திரையில காட்ட அழகா ஒரு படம் போட்டுக் குடும்மா" என்று பேராசிரியை மருமகளிடம் கேட்டதுதான் வினை. மருமகள் பொருளாதார ஆராய்ச்சிக்காரி. வரைபடம் போடுவதில் புலி. குரல் கிடைத்த நாள், நேரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா பொருளாதாரம், படம் வந்துடுச்சா?" மாமியார் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார். ஏதோ பாட்டை வேறு முணுமுணுத்தார்.

"கொஞ்சம் பாக்கி இருக்கு, அத்தை."

"பச்சைக் கலர்ல போடு."

"தவளை பழுப்புன்னு சொன்னீங்களே?"

"பழுப்புல போட்டா நிருபருங்க தூங்கிடுவாங்க." அவரே சொல்லி அவரே சிரித்தார்.

மருமகள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். கல்யாணமாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இந்த மனுஷி இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை. சொல்லலாமா என்று வாயைத் திறந்தாள். பேராசிரியை அதற்குள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

---

கணினித் துறையில் கொசுவின் அறை எப்போதும் குளிர்ந்து கிடக்கும். எந்திரங்களுக்காகக் குளிரூட்டியிருக்கிறார்கள், மனிதர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மருமகள் தன் அலுவலகத்துக்குப் போகாமல் அவன் பின்னாலேயே அங்கே வந்து நின்றாள்.

"ஒரு சந்தேகம்" என்றாள்.

"கேளு."

"தவளைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா?"

அவன் சிரித்தான். "தெரியாது. ஏன்?"

"உங்க தவளைக்குத் தெரியுது."

மடிக்கணினியைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். திரையில் ஏழு தூண்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தன. சனிக்கும் ஞாயிறுக்கும் வெறும் தரை.

"திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் கத்துது. சனி, ஞாயிறு மூச்சு விடலை. ஒரு வாரம், ரெண்டு வாரம்னா விட்டுடலாம். எல்லா வாரமும் இப்படித்தான்."

"நீ எதுக்குக் கிழமை பார்த்தே?"

"பழக்கம். விலைவாசியோ மின்சாரமோ, எது கைக்கு வந்தாலும் முதல்ல கிழமையைப் பிரிச்சுப் பார்ப்போம். மனுஷன் கை பட்ட எதுலயும் கிழமை இருக்கும்."

"இது மனுஷன் கை படாதது. தவளை."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

கொசு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். தன் மென்பொருளைக் குறை சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் விநோதமான எதையாவது காட்டினால் அந்தக் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அம்மாவிடமிருந்து வந்த குணம் அது.

"குவாரி ரோட்டுல வேலைநாள்ல லாரி ஓடும். அந்தச் சத்தத்தோட போட்டி போட்டுக் கத்துதோ என்னவோ. நகரத்துப் பறவைங்ககூட சத்தம் அதிகமானா குரலை ஏத்தும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நடுவுல ஒரு புதன்கிழமை பல்கலைக்கழகத்துக்கு மட்டும் லீவு விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? நிறுவன நாள். ஊர்ல லாரி, கடை எல்லாம் ஓடுச்சு."

"சரி?"

"அன்னைக்குத் தவளையும் லீவு."

கொசு சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான்.

"தவளைக்கு நம்ம பல்கலைக்கழக நாள்காட்டியை யார் குடுத்தா?" என்று கேட்டாள் அவள்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அம்மாவோட ஆராய்ச்சி மாணவன் இருக்கான் இல்லே, அவன் தினம் சாயங்காலம் குட்டைக்குப் போவான். அம்மாவோட பழைய பதிவை ஒலிபெருக்கில போடுவான். அதைக் கேட்டு வேற தவளை ஏதாவது பதில் சொல்லுதான்னு பார்க்கிறதுக்கு. அது எல்லாரும் செய்யறதுதான்."

"தினமுமா?"

"வேலை நாள்ல." அவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். "ஆனா அந்த நேரத்தை நாங்க வெட்டிட்டோம்! அம்மா முதல்லயே சொல்லிட்டாங்க, ஆறு மணிலேர்ந்து ஆறரை வரைக்கும் வெட்டிடுன்னு. அது கணக்குலயே வராது."

"யாரோட ஆறு மணி?"

இந்தக் கேள்வியை அவள் குத்தலாகக் கேட்கவில்லை. பல நாட்டுச் சந்தை விலைகளை ஒன்றாகச் சேர்க்கிறவள், ஒரு ஊர்க் காலை இன்னொரு ஊருக்கு மாலை என்று பலமுறை குட்டுப்பட்டவள். அந்த வழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

கொசுவின் முகத்தில் ஈயாடவில்லை.

கணினிக்காரர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. உலகத்தில் எங்கே எந்திரத்தை வைத்தாலும் அதன் கடிகாரத்தை உலகப் பொது நேரத்துக்கு வைத்துவிடுவார்கள். உள்ளூர் நேரம் எத்தனை குழப்பம் செய்தாலும் எந்திரங்களுக்குள் சண்டை வராது. கொசுவும் குட்டைப் பெட்டிகள் அத்தனையையும் அப்படித்தான் வைத்தான், பெருமையாகவும் வைத்தான். அம்மா சொன்ன ஆறு மணி, ஊர்க் கடிகாரத்தின் ஆறு மணி. பெட்டியின் ஆறு மணி வேறு. மென்பொருள் சொன்ன பேச்சைக் கேட்டு ஆறிலிருந்து ஆறரை வரை ஒழுங்காக வெட்டியது, எந்தத் தவளையும் எந்த மாணவனும் இல்லாத ஒரு பொழுதை. ஒலிபெருக்கி பாடிய மாலை நேரம் அப்படியே உள்ளே இருந்தது.

"ஒலிபெருக்கி பாடுச்சு. அதே பாட்டைக் கத்துக்கிட்ட மென்பொருள், ஆமா இதுதான்னு தலையாட்டுச்சு" என்றான் மெதுவாக. "கேள்வித்தாளையே பாடமா நடத்திட்டுப் பையன் முதல் மார்க் வாங்கிட்டான்னு குதிச்சிருக்கேன்."

"இன்னும் நிச்சயமில்லையே."

"எனக்கு நிச்சயம்." அவன் ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். "அம்மாகிட்ட யார் சொல்றது?"

"உன் அம்மா."

"உன் கண்டுபிடிப்பு."

பூனைக்கு மணி கட்டுகிற வேலைதான். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள்.

---

விலங்கியல் துறையில் பேராசிரியையின் அறைக்குள் நுழைந்தால் கண்ணாடிக் குடுவைகளில் தவளைகள் வரிசையாக உட்கார்ந்து நம்மைப் பார்க்கும். அவற்றின் முன்னால் நின்று அவர் நாளைய பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க! இவங்களைவிட நீங்க நல்ல ரசிகருங்க. உட்காருங்க, ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன்."

"அத்தை, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்றாள் மருமகள். படத்தைக் காட்டினாள். கிழமையைச் சொன்னாள், லீவு நாளைச் சொன்னாள். கடிகாரத்தைப் பற்றி கொசு சொன்னான். சொல்லும்போது அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமியாருக்கும் மருமகளுக்கும் ஊரில் உப்புக்கும் புளிக்கும் சண்டை வரும். இந்த வீட்டில் அது தவளைக்காக வந்தது.

"எத்தனை வருஷமா நான் இந்த வேலையில இருக்கேன் தெரியுமா?" பேராசிரியையின் குரல் ஏறியது. "மென்பொருள் வெட்டி அனுப்பின துண்டுகளை நானே உட்கார்ந்து கேட்டேன். அதே குரல். விலைவாசி பார்க்கிறவளுக்குத் தவளையைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது, அத்தை."

"அப்புறம்?"

"லீவு எடுக்கிறதுன்னா என்னன்னு தெரியும். அது தவளை வேலை இல்லை."

கொசு நெளிந்தான். பேராசிரியை மருமகளை முறைத்தார். முறைப்பு நெடுநேரம் நிற்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றார், திரும்பி வந்தார், கைப்பேசியை எடுத்து மாணவனை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க மேடம்! நாளைக்கு என்ன சட்டை போடணும்?"

"சட்டை இருக்கட்டும். குட்டையில பதிவைப் போடறே இல்லே, அதை எப்படிப் போடுவே? ஒண்ணொண்ணாச் சொல்லு."

"வண்டியை நிறுத்திட்டு கரைக்கு இறங்குவேன் மேடம். ஒலிபெருக்கியைக் கல்லு மேல வெச்சு சுவிட்சைப் போடுவேன். அது கொஞ்சம் பழசு, போட்டதும் முதல்ல 'டொக்'னு ஒரு சத்தம் வரும். அப்புறம் குரல் வரும்."

"சனி, ஞாயிறு?"

"லீவு மேடம்." ஒரு தயக்கம். "போகணுமா மேடம்?"

"வேண்டாம்ப்பா" என்று வைத்துவிட்டார்.

இனிமேல்தான் விஷயம். மென்பொருள் குரலை மட்டும் நறுக்கித் துண்டுதுண்டாகத்தான் கொடுத்திருந்தது. அந்தத் துண்டுகளுக்கு முன்னால் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. மாதக்கணக்கான ஓசையை யார் உட்கார்ந்து கேட்பது? அதற்காகத்தானே மென்பொருள்.

கொசு முழுப் பதிவு ஒன்றை எடுத்துப் போட்டான். பேராசிரியை ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டார். பூச்சிகளின் இரைச்சல். ஒரு வண்டி வந்து நின்றது. கல்லில் செருப்புச் சத்தம். டொக். அதற்குப் பிறகு அவர் இளமையில் கேட்ட அந்தக் குரல், தண்ணீருக்கு அக்கரையிலிருந்து, மெல்லியதாக.

இன்னொரு நாளுடையதைக் கேட்டார். வண்டி, செருப்பு, டொக், குரல். மூன்றாவதைப் போடச் சொல்லவில்லை.

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

"முதல் துண்டைக் கேட்டப்போ எனக்கு இருபது வயசு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு" என்றார். "அதுக்கப்புறம் வேற எதையும் கேட்கணும்னு தோணலை. தோணியிருக்கணும்."

ஒரு படம் வரையச் சொன்னால் ஒரு ஆயுளின் சந்தோஷத்தையா அழிப்பது என்று மருமகளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"என் தப்பும்மா" என்றான் கொசு. "என் பேரைப் போட்டே எழுது. கடிகாரம் வெச்சது நான்."

"ஆறு மணின்னு சொன்னது நான். எந்தக் கடிகாரத்துலன்னு நான் கேட்டேனா? கட்டுரையில முதல் பேரு என்னோடது."

"இப்படிச் செஞ்சா என்ன? நான் சரியான நேரத்தை வெட்டி மறுபடி ஓட்டறேன். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடும். தவளை நிஜமாவே அங்க இருந்தா ஒண்ணு ரெண்டாவது மிஞ்சும். அதைப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாமே. அவசரப்பட்டு எதுக்குத் திரும்ப வாங்கணும்?"

பேராசிரியை யோசித்தார். யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். மகன் சொன்னதில் ஆசை இருந்தது, நியாயமும் கொஞ்சம் இருந்தது. நாளைக்கு வரப்போகிற கேமராக்கள் கண்ணில் வந்து போயின. துணைவேந்தரிடம் என்ன சொல்வது? எந்த நிருபர் என்ன தலைப்புப் போடுவான்? 'தவளை அல்ல, ஒலிபெருக்கி!' நாமே போடுவோம், அவ்வளவு நல்ல தலைப்பு.

"மிஞ்சினா அது வேற கட்டுரை" என்றார் கடைசியில். "இந்தக் கட்டுரை பொய்."

கணினியை இழுத்து வைத்துக்கொண்டு இதழாசிரியருக்குத் தட்டச்சு செய்தார். மூன்றே வாக்கியம். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், கிடைத்த குரல்கள் நாங்களே ஒலிபரப்பியவை, தவறு என்னுடையது. அனுப்புமுன் மருமகளைக் கூப்பிட்டார்.

"படிச்சுப் பாரு. எங்கயாவது மழுப்பியிருக்கேனா?"

மருமகள் படித்தாள். "இல்லை, அத்தை."

"நேத்தே தெரிஞ்சுது இல்லே உனக்கு? காலையில ஏன் சொல்லலை?"

"நீங்க பாட்டு பாடிட்டிருந்தீங்க."

பேராசிரியை அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, விசையைத் தட்டினார். மின்னஞ்சல் போய்விட்டது. துணைவேந்தர் அலுவலகத்துக்கும் தொலைபேசியில் சொன்னார். மறுமுனையில் வெகுநேரம் பேசினார்கள். இவர் "ஆமாம்" என்றும் "என் பொறுப்புதான்" என்றும் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் கொசு சும்மா இருக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து, கடிகாரத்தைத் திருத்தி, சரியான ஆறு மணியை வெட்டி, மென்பொருளை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தான். ஜன்னலில் வெயில் சாய்ந்தது. திரையில் தவளைகள் வாரம் வாரமாகக் காணாமல் போயின. வீட்டைக் காலி செய்கிற மாதிரி இருந்தது.

"அம்மா" என்றான் திடீரென்று. "ஒண்ணு மிச்சம் இருக்கு."

"என்னைக்கு?"

"ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அவன் சீக்கிரம் போய்ப் போட்டிருப்பான்" என்றார் பேராசிரியை உடனே. சொல்லிக்கொண்டே கை ஹெட்போனை எட்டிப் பிடித்துவிட்டது. பிடித்தவர் அதைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை. மருமகள் பக்கம் நீட்டினார்.

"நீ கேளு."

"எனக்குத் தவளைக் குரலே தெரியாதே, அத்தை!"

"அதனாலதான் உன்கிட்டத் தர்றேன். எனக்கு ஆசை இருக்கு. இன்னைக்கு என் காதை நான் நம்பமாட்டேன்."

"எனக்கும் இப்போ ஆசை வந்துடுச்சே."

"என் அளவுக்கு இருக்காது. மாட்டிக்கோ. காதுல விழறதை அப்படியே சொல்லு, அர்த்தம் பண்ணாதே."

மருமகள் மாட்டிக்கொண்டாள். கொசு பதிவை ஓடவிட்டான்.

"பூச்சி" என்றாள். "பூச்சி... தண்ணி சலசலங்குது... இப்போ ஒண்ணு கத்துச்சு. ஒரே ஒரு தடவை. நின்னுடுச்சு."

"அதுக்கு முன்னாடி டொக்னு கேட்டுதா?"

"இல்லை."

"காத்துல கேட்காம போயிருக்கும்" என்றார் பேராசிரியை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார். "சீக்கிரம் வந்துட்டான், அவ்வளவுதான். நிறுத்திடு, கொசு."

கொசு நிறுத்தப் போனான். மருமகள் ஒரு கையை உயர்த்தி அவனைத் தடுத்தாள். மறுகையால் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நெடுநேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை" என்றாள், சத்தமே வராத குரலில். "அவன் வண்டியே இப்பதான் வருது."